வேலை போன பிறகு வங்கிக் கணக்கில் எதைப் பார்க்கிறார்கள்? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீன்யா பட்டறைகள், பொம்மசந்திரா கம்பெனிகள், மைசூர் ரோடு கார்மெண்ட்ஸ், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி என்று நம்ம ஆட்கள் இல்லாத இடமே இந்த ஊரில் கிடையாது. வேலை போனால் கைக்கு வரக்கூடிய பணம் இங்கே மூன்று வழியில் இருக்கிறது: ஈ.எஸ்.ஐ. கொடுக்கும் வேலையிழப்புத் தொகை, பி.எஃப்., அப்புறம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பிள்ளைகளுக்குக் கர்நாடக அரசின் யுவநிதி. எங்கள் பகுதியில் தெரிந்தவர்களுக்கு இந்த விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம், கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பார்த்தவரை, தகுதி இல்லை என்று பணம் நின்றுபோனவர்கள் குறைவு. பேரும் கணக்கு எண்ணும் ஒத்துப்போகாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம். இதை வேலையில் இருக்கும்போதே சரி செய்துவிடலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வேலையில்லாதவர்களின் பேங்க் அக்கவுண்டை எல்லாம் அரசாங்கம் பார்க்கப் போகிறதாமே, வாட்ஸ்அப்பில் வந்ததே?

அது பிரிட்டன் செய்தி. அங்கே யுனிவர்சல் கிரெடிட் என்று ஓர் உதவித்தொகை இருக்கிறது, அதை வாங்குகிறவர் கையில் 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருக்கக்கூடாது. இருந்தும் மறைத்து வாங்குகிறார்கள் என்று சொல்லி 2025-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உதவித்தொகை போய்ச் சேரும் கணக்குகளில் இந்த வரம்பு மீறப்பட்டது போலத் தெரிந்தால் வங்கிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு அனுப்பினார், எந்தக் கடையில் செலவு செய்தார் என்ற விவரத்தைக் கொடுக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஏழைகளின் கணக்கை மட்டும் ஏன் சல்லடை போட்டுத் தேடுகிறீர்கள் என்று அங்கே பெரிய எதிர்ப்பு வந்தது. எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

லண்டனில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் யாரோ அனுப்பியது இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்ம ஈ.எஸ்.ஐ.க்கும் பி.எஃப்.புக்கும் அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைப் படித்துவிட்டு யாரும் அக்கவுண்டில் இருக்கிற பணத்தை அவசரமாக எடுத்து வீட்டில் வைக்க வேண்டாம்.

அப்படியானால் இங்கே என்னதான் பார்க்கிறார்கள்?

நாலு விஷயம். கணக்கு உங்களுடையதுதானா, அதில் இருக்கும் பேர் ஆதாரில் இருக்கும் பேரோடு ஒத்துப்போகிறதா, ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளையின் குறியீடு) சரியா, கணக்கு உயிரோடு இருக்கிறதா. அவ்வளவுதான். சில இடங்களில் உங்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் போட்டுப் பார்த்து, வங்கியிலிருந்து திரும்பி வரும் பேரை வைத்துச் சரிபார்ப்பார்கள். யாரோ தெரியாமல் ஒரு ரூபாய் போட்டுவிட்டார்கள் என்று பயந்து ஒருத்தர் கணக்கையே முடக்கச் சொல்லிவிட்டார், அந்த மாதிரி செய்துவிடாதீர்கள்.

கணக்கில் பணம் இருந்தால் ஈ.எஸ்.ஐ. தொகை கிடைக்காதா? மனைவி பேரில் நகைக்கடன், சீட்டு எல்லாம் இருக்கிறதே?

கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. தொகை நீங்கள் சம்பளத்திலிருந்து கட்டிய காப்பீட்டுக்கு வருவது. பி.எஃப். உங்கள் சொந்தச் சேமிப்பு. இரண்டுக்கும் வங்கி இருப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்ப்பதும் இல்லை. ஊரில் வீடு இருக்கிறது, தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் இதில் வராது.

வருமான வரித்துறை மட்டும் தனி. ஒரு வருஷத்தில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் வங்கி அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது எல்லாருக்கும் உள்ள விதி, வேலை போனவர்களுக்கு என்று வைத்தது இல்லை.

ஈ.எஸ்.ஐ.யில் வேலை போனால் பணம் தருவார்களா? எனக்கு ஆஸ்பத்திரி மட்டும்தான் தெரியும்.

இதைத்தான் பலர் கேட்கிறார்கள். ராஜாஜிநகர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கியவர்களுக்குக்கூட இப்படி ஒன்று இருப்பது தெரிவதில்லை, கம்பெனிக்காரர்கள் சொல்வதும் இல்லை. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பேர். 2018 ஜூலை 1 முதல் நடக்கிறது. தற்காலிகமாகத் தொடங்கி அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அமலில் இருக்கிறதா என்று முதலில் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தார்கள். கொரோனா வந்த பிறகு 2020-ல் அதை 50 சதவீதமாக்கினார்கள், வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் 30 நாளாகக் குறைத்தார்கள். அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், வாழ்நாளில் ஒரு தடவைதான். காப்பீட்டில் சேர்ந்து குறைந்தது இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது கட்டியிருக்க வேண்டும், அந்த இரண்டு வருஷத்தின் மற்ற மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று.

கணக்கு எப்படி என்றால், கடைசி நான்கு காலத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுத்து, வருவதில் பாதி. மாதம் 18,000 வாங்கி இரண்டு வருஷமும் விடாமல் வேலை பார்த்தவருக்கு மொத்தம் 4,32,000. ஒரு நாளைக்குச் சுமார் 592 ரூபாய், அதில் பாதி 296. தொண்ணூறு நாளுக்கு 26,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். கே.ஆர். புரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மூன்று மாத வாடகையும் கொஞ்சம் மளிகையும். சும்மா விட்டுவிடுகிற தொகை இல்லை இது.

ஒழுங்கு நடவடிக்கையில் வேலையை விட்டு நீக்கியிருந்தாலோ, ஓய்வு வயது வந்து போனாலோ, விருப்ப ஓய்வு எடுத்தாலோ கிடைக்காது. ஆலையை மூடியதாலும் ஆள்குறைப்பாலும் வேலை போனவர்களுக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று இன்னொன்று தனியாக இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

இந்தத் தொகைக்கு அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 2020 மாற்றத்துக்குப் பிறகு நீங்களே ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் போடலாம். ஆதார் நகல், வங்கி விவரம் இரண்டையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், ஏற்ற முடியவில்லை என்றால் விண்ணப்பத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அந்த நகல்களோடு கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று முன்பு இருந்ததை அதே வருஷம் நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதற்குக் காசு கேட்கிற ஆட்கள் ஆபீஸ் வாசலில் இருந்தால் கொடுக்காதீர்கள்.

ஆதாரில் ஒரு பேர், பாஸ்புக்கில் ஒரு பேர், கம்பெனியில் ஒரு பேர். இது பெரிய பிரச்சினையா?

பெரிய பிரச்சினைதான், அதுவும் நமக்குத்தான் அதிகம். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல், அத்தோடு முடிந்தது. இந்த ஊர்க் கம்பெனிகளின் கம்ப்யூட்டரோ சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. அங்கே உட்கார்ந்திருக்கிற பையன் கைக்கு வந்ததைப் போட்டுவிடுவான்.

ஒரு உதாரணம் பாருங்கள். அப்பா பேர் மணி, இவர் முருகேசன். ஆதாரில் முருகேசன் எம். பான் கார்டில் இனிஷியல் மட்டும் போட்டால் வாங்கமாட்டார்கள் என்பதால் முருகேசன் மணி. ஊரில் பள்ளிக்கூட நாளில் திறந்த வங்கிக் கணக்கில் எம். முருகேசன். கம்பெனியில் முருகேசன் முருகேசன். ஆள் ஒருத்தர்தான், ஆனால் நான்கு இடத்திலும் சரிபார்க்கிற கம்ப்யூட்டருக்கு நான்கு ஆள். கார்மெண்ட்ஸில் பத்து வருஷத்துக்கு மேல் தைத்த தர்மபுரி அக்கா ஒருவருக்குக் கணக்கில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய கணவரின் இனிஷியல். ஒரே ஒரு எழுத்து. அதற்காக அவர் பி.எஃப். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அந்த வரியைத் திரையில் காட்டியபோது, இந்த எழுத்துக்காகவா என்று என்னையே திருப்பிக் கேட்டார். வாடகை கொடுக்க முடியாமல் இருந்த மாதம் அது.

செய்ய வேண்டியது இதுதான். ஆதாரில் இருக்கும் பேரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதற்குப் பொருந்த மாற்றுங்கள். ஆதாரையே மாற்றப் போகாதீர்கள், அதில் பேரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். வங்கியில் ஆதார் நகலோடு ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். பி.எஃப்.பில் 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யு.ஏ.என். (எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) வாங்கி அதில் ஆதார் சரிபார்க்கப்பட்டிருந்தால், 2025 ஜனவரியிலிருந்து பேர், பிறந்த தேதி போன்றவற்றை ஆவணம் ஏற்றாமல் நீங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய யு.ஏ.என். என்றால் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் வேலையில் இருக்கும்போதே என்று சொல்கிறேன், வெளியே வந்த பிறகு எச்.ஆர். போனை எடுக்கமாட்டார்.

என் பழைய கணக்கு சிண்டிகேட் வங்கியில் இருந்தது. அதே எண்ணைக் கொடுக்கலாமா?

கணக்கு எண் செல்லும், பழைய ஐ.எஃப்.எஸ்.சி. செல்லாது. சிண்டிகேட் 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. விஜயா வங்கி 2019-ல் பரோடா வங்கியோடு போனது. ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017-லேயே எஸ்.பி.ஐ. ஆகிவிட்டது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, நம்ம ஊரிலிருந்து வந்தவர்களில் பலர் அங்கேதான் முதல் கணக்கு வைத்திருந்தார்கள். பி.எஃப். கணக்கில் பழைய குறியீடே கிடந்தால் பணம் போய்த் திரும்பி பி.எஃப். ஆபீசுக்கே வந்துவிடும். பிறகு கணக்கைத் திருத்தி, மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பம் போட்டு, இன்னும் சில வாரம். புதுப் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

பி.எஃப். எடுக்க காசோலை நகல், கம்பெனி ஒப்புதல் எல்லாம் வேண்டுமா?

இப்போது வேண்டாம். இணையத்தில் போடும் விண்ணப்பத்துக்குக் காசோலை, பாஸ்புக் படம் ஏற்ற வேண்டும் என்பதை 2025 ஏப்ரலில் நீக்கினார்கள். அதே சமயம், யு.ஏ.என்.-இல் வங்கிக் கணக்கைச் சேர்த்தால் வங்கி சரிபார்த்த பிறகும் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும் என்றிருந்ததையும் எடுத்தார்கள். அப்போது பி.எஃப். நிறுவனமே சொன்ன கணக்கு இது: வங்கி சரிபார்க்கச் சராசரியாக 3 நாள், அதற்கு மேல் கம்பெனி ஒப்புதல் கொடுக்க 13 நாள். கிட்டத்தட்ட 15 லட்சம் பேரின் கோரிக்கை கம்பெனிகளிடம் தேங்கிக் கிடந்திருக்கிறது. சண்டை போட்டு வெளியே வந்தவர்களின் கோரிக்கையை எத்தனை கம்பெனிகள் வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தன என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தொழிலாளிக்கு உண்மையிலேயே உதவிய மாற்றம் இது.

இப்போது ஆதாரோடு இணைத்த போன் கையில் இருந்தால் புதிய கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. போட்டு ஓ.டி.பி. கொடுத்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம். அந்த போன் நம்பர் பழையதாகி ரீசார்ஜ் பண்ணாமல் போய்விட்டதா? முதலில் ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்றுங்கள், அது இல்லாமல் எதுவும் நகராது.

வேலை போய் எத்தனை நாளில் பி.எஃப். எடுக்கலாம்?

நீண்ட காலமாக இருந்த விதி, ஒரு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் முழுசும். 2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். அறங்காவலர் குழு வேறு முடிவு எடுத்தது: 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், பென்ஷன் பங்கை எடுக்க 36 மாதம். நீங்கள் விண்ணப்பம் போடும் நாளில் உங்கள் திரையில் எந்த வாய்ப்பு வருகிறது என்று பார்த்து அதன்படி திட்டமிடுங்கள்.

பி.எஃப். பணம் ஓய்வுக்காக, அதைத் தொடக்கூடாது என்று டெல்லியில் இருப்பவர்கள் நினைக்கலாம். இந்த ஊரில் தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு வேலை போன மாதத்தில் அரிசி வாங்கும் பணமே அதுதான். கம்பெனி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று கொண்டுவந்த விதியை எதிர்த்து, 2016 ஏப்ரலில் ஓசூர் ரோட்டிலும் மைசூர் ரோட்டிலும் ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் இறங்கி உட்கார்ந்தார்கள். எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசிய அக்காமார்களும் இருந்தார்கள். மறுபடியும் காத்திருக்கும் காலத்தை நீட்டும்போது இதை நினைவு வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, விலகிய தேதி. கம்பெனி உங்கள் கணக்கில் விலகிய தேதியைப் பதிவு செய்யாவிட்டால் நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகத்தான் காட்டும், விண்ணப்பமே போட முடியாது. கடைசி பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்தால் அந்தத் தேதியை நீங்களே பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஐந்து வருஷம் முடிக்காமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் இணைக்காவிட்டால் 20 சதவீதம்.

சம்பளக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் வருவது நின்று சில மாதம் ஆனால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும், தனியார் வங்கியாக இருந்தால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கத் தொடங்கும்.

அதைவிடப் பெரியது இ.எம்.ஐ. பைக் கடன், பர்சனல் லோன், போன் தவணை என்று அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். பணம் உள்ளே வந்த அடுத்த தேதியில் நிலுவைத் தவணையைப் பிடித்துவிடுவார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இப்படித்தான். கடனைக் கட்ட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு இல்லாமல் எல்லாம் தவணைக்கே போவதா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அதனால் அரசு வங்கி ஒன்றில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்கைத் திறந்து அதை பி.எஃப்.பிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் கொடுங்கள், கடன் கொடுத்தவரிடம் போய் வேலை போனதைச் சொல்லித் தவணையை நீட்டிக் கேளுங்கள். உங்கள் பேரில் தனிக் கணக்காக இருக்கட்டும். மனைவி கணக்கு, அண்ணன் கணக்கு எல்லாம் எடுபடாது.

என் மகன் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். யுவநிதி கிடைக்குமா?

கர்நாடகத்தில் குறைந்தது ஆறு வருஷம் படித்திருந்தால் கிடைக்கும். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நிச்சயம் விண்ணப்பிக்கலாம், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சேலத்தில் படித்துவிட்டு வேலை தேடி இங்கே வந்தவர்களுக்குக் கிடையாது. டிகிரிக்கு மாதம் 3,000, டிப்ளமோவுக்கு 1,500, தேர்ச்சி பெற்று 180 நாள் வேலை இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அதிகபட்சம் இரண்டு வருஷம். முதல் தவணையை 2024 ஜனவரி 12 அன்று சிவமொக்காவில் கொடுத்தார்கள். கர்நாடக அரசின் சேவாசிந்து இணையதளத்தில் போட வேண்டும், பெங்களூர் ஒன் மையத்திலும் போட்டுத் தருவார்கள். மேற்படிப்பில் சேர்ந்துவிட்டால் கிடையாது.

இங்கே வங்கி விஷயம் கொஞ்சம் வேறு. இந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வராது, ஆதார் எண்ணைப் பார்த்து வரும். கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதார் பணப் பட்டுவாடாவுக்கு இணைத்தீர்களோ அங்கே போய் விழும். பணம் வரவில்லை என்று தேடுபவர்களில் சிலருக்கு அது எப்போதோ போன் கடையில் திறந்த பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கில் கிடக்கும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். ஆதாரை வங்கியில் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது. மானியம் வாங்குவதற்காக இணைக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேலை இல்லை என்ற சுயஉறுதிமொழியை அவர்கள் சொல்லும் இடைவெளியில் மறக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் பணம் நின்றுவிடும்.

தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையை இங்கிருந்து வாங்கலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது தமிழ்நாட்டிலேயே படித்து அங்கேயே வசிப்பவர்களுக்கு, பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருப்பவர்களுக்கு. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான். இங்கே வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வேலையில்லை என்று எழுதிக் கொடுத்து வாங்குவது தப்பு. யு.ஏ.என். ஓடிக்கொண்டிருப்பது ஆதார் வழியாகத் தெரிந்துவிடும்.

ஈ.எஸ்.ஐ. தொகை வாங்கும்போது நடுவில் டெலிவரி வேலை பார்த்தால் கண்டுபிடிப்பார்களா?

புது கம்பெனியில் சேர்ந்து உங்கள் பேரில் ஈ.எஸ்.ஐ.யோ பி.எஃப்.போ கட்டத் தொடங்கினால் உடனே தெரியும், உங்கள் எண் ஒன்றுதானே. டெலிவரி வேலைக்கு அப்படிக் கட்டுவதில்லை என்பதால் தானாகத் தெரியாது என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் சம்பாத்தியம் இல்லை என்று நீங்கள்தான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள், பொய்யாக எழுதுவது குற்றம், வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். வேலை கிடைத்த நாளோடு தொகை நின்றுவிடும், அதுவரைக்கும் உள்ளது உங்கள் உரிமை. கிடைத்ததும் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மனசில் பாரம் இல்லாமல் இருக்கலாம்.

கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் மாதம் பணம் தருவதாக ஒருத்தர் சொல்கிறார். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். வேலை போன பையன்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள், டெலிகிராமில், பி.ஜி. ஹாஸ்டல் வாசலில், சில சமயம் கூட வேலை பார்த்த நண்பன் மூலமாகவே. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். யாரோ ஒரு பெரியவரை மிரட்டிப் பிடுங்கிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான். இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்கவே பெங்களூரில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹண்டர் என்று ஒரு மென்பொருள் செய்திருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லி, 1930-க்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

தப்பே செய்யாமலும் சிலருக்குக் கணக்கு முடங்குகிறது, யாரோ யு.பி.ஐ.யில் அனுப்பிய பணத்தின் பேரில் வேறு மாநிலத்தில் புகார் இருந்ததனால். எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அது தீர்வதற்குள் பி.எஃப். விண்ணப்பம் போடுவதாக இருந்தால் முதலில் கணக்கை மாற்றிவிட்டுப் போடுங்கள், முடங்கிய கணக்கில் போய் விழுந்தால் எடுக்க முடியாது.

பி.எஃப். ஆபீசிலிருந்து பேசுகிறோம், கணக்கைச் சரிபார்க்க ஓ.டி.பி. சொல்லுங்கள் என்கிறார்களே?

துண்டித்துவிடுங்கள். எந்த ஆபீசிலிருந்தும் போனில் ஓ.டி.பி. கேட்கமாட்டார்கள். சைபர் சென்டரில் போடுவதாக இருந்தால் ஓ.டி.பி.யை உங்கள் கையாலேயே தட்டுங்கள், கடவுச்சொல்லை அவர்கள் நோட்டில் எழுத விடாதீர்கள், போட்டு முடித்ததும் கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக நீங்களே திரையில் படித்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை. எங்கே போவது?

பி.எஃப். என்றால் 14470 என்ற எண், அல்லது இணையத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில் புகார் போட்டு எண்ணை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி நிதி ஆப்கே நிகட் என்று மாவட்டம்தோறும் முகாம் நடத்துகிறார்கள், நேரில் அதிகாரியைப் பார்க்க அது நல்ல வழி. ஈ.எஸ்.ஐ.க்கு 1800-11-2526. வங்கியால்தான் தாமதம் என்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-இல் வழி சொல்வார்கள். கன்னடம் கொஞ்சம் தெரிந்தால் அதில் பேசுங்கள், ஆபீசில் வேலை சீக்கிரம் நடக்கும். தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். போகும்போது ஆதார், பாஸ்புக், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, விண்ணப்ப எண், விண்ணப்பம் திரும்பி வந்திருந்தால் அதில் சொல்லியிருக்கும் காரணத்தின் அச்சுப்பிரதி, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும். கொடுக்கிற கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.